யானைக்கால் நோய்: பரவும் வழியும், வீங்கிய காலைக் கழுவும் முறையும்

என் மாமியாரின் இடது காலை 14 வருடமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே தூண்போல இறங்கும் கால். கணுக்காலில் ஆழமாக ஒரு மடிப்பு, பாதத்தின் மேல் இன்னொன்று. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது அத்தை தனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு துண்டு தனியாக வைத்திருந்தார். பிறகு என் மகள் பிறந்து, தவழ்ந்துபோய் அவர் மடியில் ஏறப் பார்த்தால், இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு வலது பக்கமாகத் தூக்கிக்கொள்வார். குழந்தைக்கு ஒட்டிவிடக் கூடாதே என்ற பயம். "அப்படியெல்லாம் ஒட்டாது அத்தை" என்று அடித்துச் சொல்ல அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் விவரம் தெரியாது.

தெரியாததால் இரண்டு தப்பு செய்தோம். அந்தக் காலைப் பார்த்துப் பயந்தோம். அதிலிருந்து யாருக்கும் எதுவும் பரவாது. நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்த எங்கள் ரத்தத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. பரவல் அங்கேதான் இருந்தது. இந்த நோய் உள்ள பகுதியில் இருப்பவர்களும், வீட்டில் இப்படி ஒரு கால் உள்ளவர்களும் என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

புழுவும் கொசுவும்

நோயைத் தருவது நூல் மாதிரியான ஒரு புழு. மூன்று வகை உண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு வருவது உச்சரேரியா பான்கிராஃப்டி. மற்ற இரண்டும் புரூஜியா மலேயி, புரூஜியா திமோரி. உச்சரேரியாவின் பெண் புழு 8 முதல் 10 செ.மீ. நீளம், தையல் நூல் அளவு தடிமன். ஆண் புழு அதில் பாதி இருக்கும். இரண்டும் நம் நிணநீர்க் குழாய்களுக்குள் பின்னிக்கொண்டு சராசரியாக 6 முதல் 8 வருடம் வாழ்கின்றன. ரத்தக்குழாயிலிருந்து கசியும் நீரைத் திரும்ப ரத்தத்தில் சேர்க்கிற வடிகால்தான் இந்த நிணநீர்க் குழாய். புழு குடியேறிய இடத்தில் குழாய் விரிந்து, உள்ளே இருக்கும் வால்வுகள் பழுதாகி, நீர் மேலே ஏறாமல் காலிலோ கையிலோ விரைப்பையிலோ தேங்க ஆரம்பிக்கும்.

பெண் புழு லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கும். நுண்புழு என்பார்கள். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர். பகலில் இவை நுரையீரலின் ரத்தக்குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். இரவு பத்து மணிக்கு மேல், இரண்டு மணி வரைக்கும், தோலை ஒட்டிய ரத்தத்தில் கூட்டமாக வரும். இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். பசிபிக் தீவுகள் சிலவற்றில் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு பரப்புகிறது. அங்கே நுண்புழுக்களும் பகலில் தோலருகே வருகின்றன. கடிக்கிற கொசுவின் நேரத்துக்குப் புழுவின் நேரம் இப்படிப் பொருந்தியிருப்பதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவே இதையும் பரப்புகிறது.

கொசு ரத்தம் குடிக்கும்போது நுண்புழு அதன் வயிற்றுக்குள் போகிறது. வயிற்றுச் சுவரைத் துளைத்து, பறக்கப் பயன்படும் மார்புத் தசைக்குள் புகுந்து, அங்கே 10 முதல் 14 நாள் வளர்கிறது. பிறகு கொசுவின் வாய்க்குழலுக்கு நகர்ந்து காத்திருக்கும். அடுத்த கடியில், மலேரியாக் கிருமி மாதிரி எச்சிலோடு நேராக உள்ளே போவதில்லை. குழலிலிருந்து வெளிவந்து நம் தோல்மேல் விழுகிறது. கொசு போட்ட துளையைத் தேடி ஊர்ந்து தானே நுழைகிறது.

இந்த விவரத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் செய்ய வேண்டிய எல்லாம் இதிலிருந்தே வருகிறது. கொசுவுக்குள் வளராத நுண்புழு மனித உடம்பில் பெரிய புழுவாக மாறவே முடியாது. அதனால் தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, தாய்ப்பாலில் வராது. நுண்புழு உள்ள ரத்தத்தையே ஒருவருக்கு ஏற்றினாலும் அவருக்கு யானைக்கால் வராது. அப்புறம், கொசுவுக்குள் புழு எண்ணிக்கையில் பெருகுவதில்லை. உள்ளே போனது ஒன்று என்றால் வெளியே வருவதும் அதிகபட்சம் ஒன்று. ஆண் புழுவும் பெண் புழுவும் ஒரே உடம்பில் சேர்ந்தால்தான் குஞ்சு பிறக்கும். ஆகவே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட்டவர்களுக்கே இது வருகிறது. ஒரு கொசு கடித்துவிட்டதே என்று தூக்கம் கெட வேண்டாம். தினமும் கடிபட்டுக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. அதுவும் பெரும்பாலும் சின்ன வயதிலேயே உள்ளே வந்துவிடுகிறது. கால் வீங்குவது பல வருடம் கழித்து.

அத்தை "கெட்ட தண்ணி குடிச்சதால வந்தது" என்று நம்பியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர், நுண்புழு இருந்த தன் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்க விட்டு, பிறகு அந்தக் கொசுக்களை அறுத்து, உள்ளே புழு வளர்வதைக் கண்டுபிடித்தார். ஒரு பூச்சிக்குள் மனித நோயின் புழு வளர்வதை உலகம் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். ஆனால் அவரும் கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்றே நினைத்தார். 1900-ல் ஜார்ஜ் லோ என்பவர் கொசுவின் வாய்க்குழலுக்குள் புழுவைப் பார்த்த பிறகுதான் கடிதான் காரணம் என்று தெளிவானது.

ராத்திரி ரத்தம் கொடுங்கள்

ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்குச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். வீட்டில் எல்லோருக்கும் விரல் நுனியில் ஒரு குத்து, கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். என் கணவர் தூக்கக் கலக்கத்தில், "எனக்கு எதுக்கு? அம்மாவுக்கு மட்டும் பாருங்க, அவங்களுக்குத்தான் கால் வீக்கம்" என்றார். அவர்கள் விடவில்லை.

பத்து நாள் கழித்து வந்த பதிலில் அத்தையின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. என் கணவர் ரத்தத்தில் நுண்புழு. அப்போது அவருக்கு வயது 34. ஒரு தலைவலிகூட இல்லாத மனிதர்.

மருந்து வாங்கப் போனபோது லேபில் இருந்த அக்காவிடம் "நான் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். வெளிர்நீலப் பின்னணியில் ஊதா நிறத்தில் ஒரு வளைவு. அழகாக வரைந்த கோடு மாதிரி, சிக்கல் இல்லாமல் மடங்கியிருந்தது. அதற்குள் மணி கோத்ததுபோல் கருநீலப் புள்ளிகள். அதைச் சுற்றி, கண்ணை ஊன்றிப் பார்த்தால் தெரிகிற மெல்லிய உறை. "வால் நுனியைப் பாருங்க, புள்ளி அதுவரைக்கும் போகலை. அதான் அடையாளம், இது உச்சரேரியா" என்றார் அக்கா. ஸ்லைடில் சாயம் ஏற்றியதால் அது செத்துப்போன புழு. ஆனாலும் தினமும் என் பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரின் ரத்தத்தில், ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு இப்படி ஆயிரக்கணக்கில் மேலே வந்து கொசுவுக்காகக் காத்திருந்தன என்பதை நினைத்தபோது கை நடுங்கியது.

அத்தைக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். கால் நன்றாக வீங்கிய நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் நுண்புழு இருக்காதாம். பல வருடத்துக்கு முன்னால் வந்த புழு பல நேரம் செத்தே போயிருக்கும். அது பழுதாக்கிய குழாய் மட்டும் அப்படியே நிற்கிறது. அன்று மாலை அத்தையிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ பாப்பா இந்தப் பக்கம் உட்காரலாமா?" என்று கேட்டு இடது முழங்காலைத் தட்டினார்.

நோய் உள்ள பகுதியில் இருந்தால் உங்களுக்கும் ரத்தப் பரிசோதனை தேவைப்படும். ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்துப் பார்க்கும் தடவல் பரிசோதனை என்றால் ராத்திரி பத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் எடுக்க வேண்டும். பகலில் எடுத்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால் அதை நம்பாதீர்கள். அட்டையில் சில சொட்டு ரத்தம் விட்டுப் பார்க்கும் ஆன்டிஜென் பரிசோதனை என்றால் எந்த நேரமும் சரி; அது உச்சரேரியாவின் பெரிய புழு இருப்பதையே காட்டும். வீட்டில் நன்றாக இருப்பவர்களையும், முக்கியமாகப் பிள்ளைகளையும், விடாமல் சேர்த்துக் காட்டுங்கள்.

மாத்திரையை விழுங்குங்கள்

என் கணவருக்கு மருத்துவர் டி.இ.சி. (டைஎத்தில்கார்பமசின்) என்ற புழுக்கொல்லி மாத்திரையை எடைக்குத் தகுந்தபடி 12 நாள் கொடுத்தார். முதல் நாள் இரவே காய்ச்சல், உடம்பு வலி, தலை பாரம். "நல்லா இருந்தவனை மாத்திரை கொடுத்துப் படுக்கவெச்சுட்டாங்க" என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது நுண்புழுக்கள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பு. புழு அதிகம் இருந்தால் காய்ச்சலும் அதிகமாகத் தெரியும். ஒன்றிரண்டு நாளில் பாராசிட்டமாலோடு அடங்கிவிட்டது.

நோய் உள்ள பகுதிகளில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் வீடு வீடாக மாத்திரை கொடுப்பார்கள். டி.இ.சி.யும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையும் ஒரே வேளையில். சில இடங்களில் ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழுக்கொல்லியும் சேர்த்து மூன்றாக. இந்த மூன்று மருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பரிந்துரைத்தது. மாத்திரை முக்கியமாக ரத்தத்தில் உள்ள நுண்புழுவைக் கொல்கிறது. பெரிய புழுக்களில் ஒரு பகுதி பிழைத்துக்கொண்டு மறுபடி குஞ்சு பொரிக்கும். அதனால்தான் அது கிழடாகிச் சாகும்வரை, ஐந்தாறு வருடம் தொடர்ந்து, ஊரே விழுங்க வேண்டியிருக்கிறது. நாலு பேர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் அந்த நாலு பேர் ரத்தத்திலிருந்து கொசு மறுபடி எடுத்துக்கொள்ளும். இப்படி விடாமல் கொடுத்த இலங்கையில் 2016-ல் இது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. சீனா உப்பிலேயே டி.இ.சி.யைக் கலந்து கொடுத்தது. அங்கே 2007-லேயே முடிந்துவிட்டது.

சாப்பிட்ட பிறகு, கொடுப்பவர் கண் முன்னாலேயே விழுங்குங்கள். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கடுமையாக நோய்வாய்ப்பட்டவர்கள் சாப்பிடக் கூடாது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கொடுக்க வருபவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் லோவா லோவா, ஆன்கோசெர்கா என்ற வேறு புழுக்களும் உண்டு. அவை உடம்பில் இருக்கும்போது டி.இ.சி. எடுத்தால் கண்ணுக்கோ மூளைக்கோ ஆபத்தாகலாம்.

கொசுவின் வயது

கொசுவுக்குள் புழு வளர 10 முதல் 14 நாள் ஆகிறது என்று சொன்னேன் இல்லையா, நம் பலம் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான கொசுக்கள் அவ்வளவு நாள் உயிரோடு இருப்பதில்லை. வீட்டுக்குள் இருப்பதை அடித்துக் கொல்வது, மருந்து தோய்த்த வலையில் அது உட்கார்ந்து சாவது எல்லாமே அதன் ஆயுளைக் குறைக்கிறது. வயதான கொசு இல்லை என்றால் பரவல் இல்லை. வலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத் தூங்குங்கள். ரத்தத்தில் புழு உள்ளவர் வலைக்குள் தூங்குவது தெருவில் உள்ள மற்றவர்களையும் சேர்த்துக் காப்பாற்றும்.

கியூலெக்ஸ் அழுக்குத் தண்ணீரில் முட்டையிடும்: தேங்கிய சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, குழிக் கழிவறை. நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி, கரிய சின்னத் தெப்பம் மாதிரி மிதக்கவிடும். எங்கள் வீட்டில் கொசு எங்கிருந்து வருகிறது என்று மாதக்கணக்கில் தேடினோம். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்துப் பார்த்தேன். உட்புறம் கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. அன்றே அந்தக் குழாய்க்கு நைலான் வலை கட்டினோம். டேங்க் மூடியின் விரிசலை சிமென்ட் வைத்துப் பூசினோம். குழிக் கழிவறை என்றால் தெர்மாகோலின் சின்ன உருண்டைகளைத் தண்ணீர்மேல் ஒரு படலமாகப் பரப்பலாம். தண்ணீரில் வளரும் கொசுக் குஞ்சுகளால் (லார்வா) மேலே வந்து மூச்சுவிட முடியாது. தான்சானியாவின் சான்சிபார் தீவில் மக்குண்டூச்சி என்ற ஊரில் 1980-களின் கடைசியில் குழிக் கழிவறைகளில் இதைச் செய்து, கூடவே டி.இ.சி.யும் கொடுத்தார்கள். கொசுத் தொல்லையும் நோயும் அடியோடு இறங்கின. மழையில் வழியும் திறந்த சாக்கடைக்கு இது சரிப்படாது, உருண்டை அடித்துக்கொண்டு போய்விடும். புரூஜியாவைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் லார்வா ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரில் ஒட்டிக்கொண்டு அதிலிருந்தே மூச்சு எடுக்கும். அங்கே செடியை அள்ளி எறிவதுதான் வழி.

காலைக் கழுவும் முறை

"இதுக்கு வைத்தியம் இல்லம்மா, பழகிக்கோங்க" என்று ஒரு மருத்துவர் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அத்தை அதை நம்பிப் பல வருடம் காலுக்கு எதுவுமே செய்யவில்லை. வருடத்துக்கு ஏழெட்டு முறை குளிர் காய்ச்சல் வரும். தொடையிடுக்கில் நெறிகட்டும். கால் சிவந்து கொதிக்கும். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் கொஞ்சம் கூடுதலாகத் தடிக்கும். அந்தக் காய்ச்சல்கள்தான் காலைத் தூணாக்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை புழுவால் வருவதில்லை. தோலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகப் புகும் சாதாரணப் பாக்டீரியாவால் வருகின்றன. பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்ற மருத்துவர் இதை நோயாளிகளிடம் பார்த்துப் பார்த்து நிறுவினார். வடிகால் பழுதான காலில் கிருமியை விரட்ட ஆள் வராது. ஆகவே வாசலிலேயே தடுக்க வேண்டும். அதற்குச் சோப்பும் தண்ணீரும் போதும்.

வேண்டியவை: உட்கார நாற்காலி, கால் வைக்கத் தாழ்வான முக்காலி, அகலமான பேசின், சுத்தமான தண்ணீர், வாசனை அதிகமில்லாத சோப்பு, பழைய பருத்தித் துணியிலிருந்து கிழித்த மெல்லிய நாடாக்கள். நல்ல வெளிச்சம் கட்டாயம் வேண்டும். இருட்டுக் குளியலறையில் ஊற்றிவிட்டு வருவதில் பிரயோஜனம் இல்லை.

தண்ணீர் அறையின் சூட்டிலேயே இருக்கட்டும், வெந்நீர் வேண்டாம். முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள். வீக்கம் தொடங்கும் இடத்திலிருந்து, அதாவது முழங்காலிலிருந்து, கீழே இறங்கி வாருங்கள். சோப்பைக் கையில் நுரையாக்கி உள்ளங்கையால் மட்டும் தடவுங்கள். பிரஷ், நார், கல் எதுவும் கூடாது. மடிப்பை ஒரு கையால் விரித்துப் பிடித்து, மறு கையின் விரலைத் துணியில் சுற்றி உள்ளே துடையுங்கள். அத்தையின் கணுக்கால் மடிப்பில் முதல் நாள் துணியை விட்டு எடுத்தபோது சாம்பல் நிறத்தில் அழுக்கு வந்தது, கூடவே ஒரு புளித்த வாடை. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்டாவது நாள் அந்த வாடை போய்விட்டது. அன்று அவரே குனிந்து மோந்து பார்த்தார்.

கடைசியில் விரலிடுக்கு. வேறு எங்கே அவசரப்பட்டாலும் இங்கே அவசரப்படாதீர்கள். வீக்கத்தால் விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும், காற்றுப் போகாது. நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்தான் முதலில் கெடும். விரித்துப் பாருங்கள். தோல் தண்ணீரில் ஊறிய தாள் மாதிரி வெளுத்திருந்தால் அது சேற்றுப்புண். அதன் அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு தெரிந்தால், கிருமி நுழையும் வாசல் அதுதான். அத்தைக்கு அந்த ஒரு கோடுதான் அத்தனை வருடக் காய்ச்சலையும் கொண்டுவந்திருக்கிறது. வலிக்காது, லேசாக அரிக்கும், அவ்வளவுதான். அதனால் யாரும் கவனிப்பதில்லை.

தண்ணீர் தெளிந்து வரும்வரை சோப்பை அலசுங்கள். பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். விரலிடுக்குக்குத் துண்டு நுழையாது, அதற்குத்தான் நாடா. ஒவ்வொரு இடுக்கிலும் நாடாவை மெதுவாக விட்டு, ஈரம் உறிஞ்சும் வரை வைத்து எடுங்கள். "அத்தை, விரலை விரிங்க" என்பேன். அவரால் சுண்டுவிரலை அசைக்க முடியாது, நான்தான் விரிக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் கழுவாமலே இருந்திருக்கலாம். ஈரம் போன பிறகு, சேற்றுப்புண் இருந்தால் பூஞ்சைக்கான களிம்பு. வெடிப்போ சிராய்ப்போ இருந்தால் மருத்துவர் சொன்ன கிருமிக் களிம்பு. தோல் வறண்டிருந்தால் மற்ற இடங்களில் கொஞ்சம் எண்ணெய்ப்பசை தடவலாம். இடுக்கில் மட்டும் தடவாதீர்கள். வீங்காத காலையும் இதேபோல் கழுவிவிடுங்கள். தினமும் ஒருமுறை, எனக்கு எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆகும்.

நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். தோலில் பரு மாதிரி கிளம்பியிருப்பதைக் கிள்ளக் கூடாது. செருப்பு அகலமாக, காற்றோட்டமாக, வெறுங்காலில் ஒரு அடிகூட வைக்காதபடி வாசலிலேயே இருக்கட்டும்.

உட்கார்ந்திருக்கும்போது காலைத் தொங்கவிடாமல் முக்காலியில் வைக்கச் சொல்லுங்கள். படுக்கும்போது கட்டிலின் கால்மாட்டை இரண்டு செங்கல் வைத்து உயர்த்தலாம். இதய நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் உயர்த்த வேண்டாம். கணுக்காலைச் சுழற்றுவது, பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது என்று நாளுக்குச் சில முறை. கெண்டைத் தசை சுருங்கும்போது தேங்கிய நீர் மேலே தள்ளப்படும்.

ஆண்களுக்கு விரைவீக்கம் வந்தால் மறைக்காமல் அறுவை மருத்துவரைப் பார்க்கட்டும். உலகத்தில் கால் வீங்கியவர்களைவிட விரை வீங்கிய ஆண்கள் அதிகம். அறுவை சிகிச்சையில் அதைச் சரிசெய்ய முடியும். கூச்சப்பட்டுப் பத்து வருடம் வேட்டிக்குள் சுமப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

காய்ச்சல் வந்துவிட்டால்

கால் சூடாகி, சிவந்து, தொட்டால் வலித்து, குளிர் அடித்தால் அன்றைக்கு உடற்பயிற்சி வேண்டாம், கட்டுப் போட வேண்டாம். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைக் காலில் போட்டு, சூடேறியதும் மாற்றுங்கள். நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாட்டிக் மருந்தை மருத்துவர்தான் தர வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். யானைக்கால் மாத்திரையை இந்த நேரத்தில் கொடுக்க வேண்டாம். சூடான ஒத்தடம், பற்று, கீறி ரத்தம் எடுப்பது எதுவும் கூடாது. நான் வந்த முதல் வருடம் தெரியாமல் சூடான பற்றுப் போட்டோம். மறுநாள் தோல் கொப்பளித்து, அந்தக் காய்ச்சல் மூன்று வாரம் இழுத்தது. மயக்கம், தொடர் வாந்தி, பிதற்றல், சீழ் ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் இறங்கிச் சில நாளில் தோல் தாளாக உரியும். பயப்படாமல் மெதுவாகக் கழுவி உலர்த்தி வாருங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்த தேதி, எந்த இடுக்கில் வெடிப்பு இருந்தது, அதற்கு முந்தைய மூன்று நாள் என்ன நடந்தது. எங்கள் நோட்டில் கழுவ ஆரம்பித்த வருடம் ஆறு தேதிகள். அடுத்த வருடம் இரண்டு. அதற்குப் பிறகு பல வருடப் பக்கங்களில் தேதியே இல்லை. கால் பழைய அளவுக்கு வரவில்லை. ஆனால் மேல்மடிப்பு தளர்ந்து, பழைய செருப்பின் வார் மறுபடி மாட்ட முடிந்தது. வந்த காய்ச்சல்களைத் தேதியோடு ஒத்துப் பார்த்தால் எல்லாமே வெளியூர் போய்க் கழுவாமல் விட்ட இரண்டு மூன்று நாளைக்குப் பின்னால் வந்திருந்தன. அதனால் இப்போது பயணம் என்றால் சோப்பு, நாடா, களிம்பு மூன்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு, அத்தையின் பெட்டியில் துணிமணிக்கு முன்னால் அதைத்தான் வைக்கிறேன்.